பிள்ளைக்கு நல்லது கெட்டது எப்படிப் பிடிபடுகிறது? வகுப்பிலும் வீட்டிலும் கடையடியிலும் செய்யக்கூடியவை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு பாடசாலை. எனக்குத் தரம் 4 வகுப்பு. அந்த வருடம் ஒரு பிள்ளையின் தகப்பன் கட்டாரிலிருந்து வந்தபோது 24 கலர் பென்சில் உள்ள தகரப் பெட்டி ஒன்று கொண்டுவந்து கொடுத்திருந்தார். பிள்ளை அதை வகுப்புக்குக் கொண்டுவந்த இரண்டாம் நாள், இடைவேளைக்குப் பிறகு பெட்டியைக் காணவில்லை. எல்லாரையும் பையை மேசையில் கொட்டச் சொன்னேன். பின்வரிசைப் பையன் ஒருவனின் பையில், சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே இருந்தது. அவனை முன்னால் கூப்பிட்டு, "களவெடுக்கிறது நல்லதா கெட்டதா, சொல்லு" என்றேன். "கெட்டது டீச்சர்" என்றான். சைவநெறிப் பரீட்சையில் அதே கேள்விக்கு முழுப் புள்ளி எடுத்தவன் அவன். பாடம் முடியும்வரை அப்படியே நின்றான். அடுத்த நாலு நாள் பாடசாலைக்கு வரவில்லை.

வந்த பிறகு அவன் எதையும் எடுக்கவில்லை. ஆனால் வகுப்பில் ஒரு அழிறப்பர் காணாமல் போனாலும் 30 தலைகள் அவன் பக்கம் திரும்பின. யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் சந்தர்ப்பம்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. பெட்டியைப் பையிலிருந்து எடுத்துச் சொந்தக்காரியிடம் கொடுத்தது நான்தான்.

பிள்ளைக்குச் சரி பிழை தெரியாது என்று நினைத்துத்தான் நாங்கள் புத்திமதி சொல்கிறோம். பெரும்பாலும் அது பிள்ளைக்குத் தெரியும். பிழை நடந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் தெரியாது. பட்ட ஆளை நிமிர்ந்து பார்ப்பது, நடந்ததை வாயால் சொல்வது, கெடுத்ததைக் கையால் சரிக்கட்டுவது, இவற்றை யாராவது கூட இருந்து பழக்க வேண்டும். கீழே உள்ளவை அதற்கான படிகள். பெற்றாருக்கும் ஆசிரியருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தரம் 1 தொடங்கித் தரம் 7 வரை உள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தும்.

படி 1: பிள்ளையின் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள்

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே 1932 இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளுக்கு இரண்டு கதை சொன்னார். ஒரு பையன் சாப்பிட வரும்போது கதவைத் தள்ளுகிறான். கதவுக்குப் பின்னால் கோப்பைகள் இருப்பது அவனுக்குத் தெரியாது. 15 கோப்பைகள் உடைகின்றன. இன்னொருவன் தாய் இல்லாத நேரம் பார்த்து அலுமாரியில் ஜாம் எடுக்க ஏறி ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் கூடாதவன்? 6 வயது மட்டில் உள்ளவர்கள் பலர் 15 உடைத்தவனைக் காட்டினார்கள். 9, 10 வயதுக்காரர் ஜாம் எடுக்கப் போனவனைக் காட்டினார்கள். நோக்கத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னால் சின்னப் பிள்ளைகளும் அதைக் கவனிப்பார்கள் என்று பிந்திய ஆய்வுகள் காட்டின. ஆனாலும் சின்ன வயதில் கண்ணுக்கு முதலில் படுவது உடைந்ததின் கணக்குத்தான்.

இதையே நான் தயிர்ச் சட்டியாக மாற்றிக் கேட்பேன். அம்மாவுக்கு உதவப் போய் ஐந்து சட்டி உடைத்தவன் ஒருவன், களவாகத் தயிர் அள்ளப் போய் ஒரு சட்டி உடைத்தவன் ஒருவன். உங்கள் பிள்ளையிடமும் கேட்டுப் பாருங்கள். பதிலைத் திருத்த வேண்டாம், "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று மட்டும் கேளுங்கள். ஐந்துதான் பெரிய பிழை என்று சொல்லும் பிள்ளை வீட்டில் எதையாவது தவறுதலாக உடைத்துவிட்டு நடுங்கி ஒளிந்தால், ஏன் ஒளிகிறது என்று உங்களுக்கு அப்போது விளங்கும்.

இரண்டாவது கேள்வி: "சப்பாத்துப் போடாமல் வரலாம் என்று டீச்சர் சொன்னால் வரலாமா?" வரலாம் என்பார்கள். "பக்கத்துப் பிள்ளைக்கு அடிக்கலாம் என்று டீச்சர் சொன்னால் அடிக்கலாமா?" முன்பள்ளிப் பிள்ளைகூட யோசித்துவிட்டு, "இல்ல, நோகும்" என்று சொல்லும். அமெரிக்க ஆய்வாளர் எலியட் டூரியல் பல வருடங்கள் தேடியது இதைத்தான். பெரியவர் மாற்றக்கூடிய ஒழுங்கு ஒன்று, யார் சொன்னாலும் மாறாத தீங்கு இன்னொன்று. இந்த வித்தியாசம் மூன்று நாலு வயதிலேயே பிள்ளைக்குப் பிடிபடத் தொடங்குகிறது.

படி 2: உங்கள் குரலை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு நாள் முழுக்க நீங்கள் பிள்ளையை ஏசுவதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தலை இழுக்கவில்லை, கொப்பிக்கு உறை போடவில்லை, கால் கழுவாமல் உள்ளே வந்தது, தம்பிக்குக் கிள்ளியது, அப்பம்மாவை எதிர்த்துக் கதைத்தது. எல்லாவற்றுக்கும் ஒரே சத்தமா? நான் எழுதிப் பார்த்தபோது எனக்கு அப்படித்தான் இருந்தது. கால் கழுவாததற்கும் கிள்ளியதற்கும் ஒரே குரல் என்றால், கிள்ளுவதும் சேற்றுக் கால் அளவான பிழைதான் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

ஒழுங்குக்கு நினைவூட்டல் போதும். உறுதியான குரலை யாருக்காவது நோகிற இடத்துக்கு வையுங்கள். வகுப்பில் நான் இதைச் செய்யத் தொடங்கி ஒரு தவணைக்குள் பிள்ளைகள் என் குரல் மாறினால் நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

படி 3: பிழை நடந்த அந்த ஐந்து நிமிடம்

இதுதான் முழு வேலையும். மற்ற எல்லாப் படியையும் விட்டாலும் இதை விடவேண்டாம். எங்கள் பாடசாலைப் பைப்படியில் நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும்.

இடைவேளை முடிகிற நேரம். தரம் 4 பையன் வரிசையை முந்தப் போய்த் தரம் 2 பிள்ளையைத் தள்ளிவிட்டான். சின்னவனின் தண்ணீர்ப் போத்தல் சீமெந்தில் விழுந்து அடிப்பக்கம் வெடித்துவிட்டது. முழங்காலில் தோல் உரசி இரத்தம்.

முதலில் சின்னவனிடம் போனேன். ஏசுவதற்குப் பெரியவனிடம் ஓடினால் எல்லாருடைய கண்ணும் அவனிடம் போகும், அடிபட்ட பிள்ளை தனியே நிற்கும். "நீயும் வா, பைப்பைத் திறந்து பிடி" என்று பெரியவனைக் கூப்பிட்டேன். அவன் திறந்து பிடிக்க நான் காயத்தைக் கழுவினேன். தண்ணீர் பட்டபோது சின்னவன் முகம் சுளித்ததை அவன் ஒரு முழ தூரத்தில் இருந்து பார்த்தான். அதை நான் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் தள்ளல்ல டீச்சர், அவன் தடக்கி விழுந்தவன்."

"சரி. முதல்ல இருந்து சொல்லு மகன். நீ வரக்குள்ள வரிசையில எத்தின பேர் நிண்டவங்க?"

"நாலு பேர்."

"நீ எங்க நிண்ட?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "கடைசியில."

"பிறகு?"

"மணி அடிக்கப் போகுது எண்டு முன்னுக்குப் போனன்."

"போகக்குள்ள இவன் எங்க நிண்டவன்?"

"பைப்புக்குக் கிட்ட." பிறகு, நான் கேட்காமலே: "என்ட கை பட்டது."

கை பட்டது என்பதற்கு மேல் நான் போகவில்லை. அவன் வாயால் வந்தது அதுதான், அன்றைக்கு அது போதும். வெடித்த போத்தலை அவன் கையில் கொடுத்து, "பள்ளி விடும்வரைக்கும் இவன் எதில தண்ணி குடிப்பான்?" என்றேன். தன் போத்தலைக் கொடுப்பதாகச் சொன்னான். கொடுத்தான். மறுநாள் காலை ஒரு சோடாப் போத்தலைக் கழுவி, லேபிளை உரித்து, சின்னவனின் பெயரை மார்க்கரால் எழுதிக் கொண்டுவந்திருந்தான். பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. சின்னவன் அந்தப் போத்தலைத்தான் தவணை முடியும்வரை கொண்டுவந்தான்.

இதில் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். "ஏன் செய்தாய்?" என்று கேட்டால் சாட்டுத்தான் வரும். "என்ன நடந்தது?" என்று துண்டு துண்டாகக் கேட்டால் நடந்தது வரும். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை "நீயா செய்த?" என்று கேட்காதீர்கள், அது பொய்க்குப் போடும் அழைப்பு. "பெட்டி உன்னிடம் இருக்கிறது எனக்குத் தெரியும், எப்படித் திருப்பிக் கொடுப்போம்?" என்று தனியாகக் கேளுங்கள். வற்புறுத்தி வாங்கும் 'சொறி' வேண்டாம். இரண்டு பிள்ளைகளையும் நிற்க வைத்துக் கை கொடுக்கச் சொன்னால் கை கொடுப்பார்கள், மனம் வேறெங்கோ நிற்கும். சரிக்கட்டும் வழியைப் பிள்ளையே சொல்லட்டும். சொல்லத் தெரியாவிட்டால் நீங்கள் இரண்டு வழி சொல்லி ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லலாம். மறுநாள் அது நடந்ததா என்று கட்டாயம் பாருங்கள். இந்த மறுநாளைத்தான் நாங்கள் எல்லாரும் விட்டுவிடுகிறோம்.

பிள்ளை கத்திக்கொண்டோ தேம்பிக்கொண்டோ நின்றால் ஐந்து நிமிடம் அரை மணித்தியாலமாகலாம். காத்திருங்கள். கொதிக்கிற தலைக்குள் ஒரு சொல்லும் இறங்காது. உங்கள் தலைக்கும் அதுதான்.

இனி அடி. "அடிச்சுப் படிப்பிங்க டீச்சர், நாங்க ஒண்டும் கேக்க மாட்டம்" என்று என்னிடம் சொல்லாத பெற்றார் குறைவு. அடியாத மாடு படியாது என்ற பழமொழியும் கூடவே வரும். அன்போடுதான் சொல்கிறார்கள், அதை நான் மதிக்கிறேன். ஆனால் பாடசாலையில் உடல் ரீதியான தண்டனையைத் தடுத்துக் கல்வி அமைச்சு 2005 இல் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அடிக்கும்போது என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். பைப்படியில் அந்தப் பையனின் உள்ளங்கையில் நான் இரண்டு அடி போட்டிருந்தால் அவன் தன் கையைப் பார்த்திருப்பான். சின்னவனின் முழங்காலை எப்படிப் பார்ப்பான்? அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் ஹொஃப்மன் பெற்றாரின் கண்டிப்பு முறைகளை ஆராய்ந்து வந்து சேர்ந்த இடமும் இதற்குக் கிட்டத்தான். அடியும் மிரட்டலும் பிள்ளையைத் தன்னைப் பற்றியே நினைக்க வைக்கின்றன. செய்தது மற்றவருக்கு என்ன செய்தது என்று காட்டுவது பிள்ளையின் மனத்தை அந்த மற்றவரிடம் கொண்டுபோகிறது.

படி 4: கதையைச் சொல்லுங்கள், முடிவுரையைச் சொல்லாதீர்கள்

கனடாவில் விக்டோரியா தல்வார், காங் லீ முதலானோர் 2014 இல் வெளியிட்ட ஒரு சோதனையை நான் பெற்றார் கூட்டங்களில் அடிக்கடி சொல்வேன். 3 முதல் 7 வயது வரையான பிள்ளைகளிடம், பின்னால் இருக்கும் விளையாட்டுச் சாமானைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆள் வெளியே போய்விடுவார். பலர் பார்த்துவிடுவார்கள். திரும்பி வந்து ஒரு கதை வாசித்துக் காட்டிவிட்டு, "பார்த்தாயா?" என்று கேட்பார். பொய் சொன்னதால் மூக்கு நீண்ட பொம்மையின் கதையும், புலி வருது என்று ஏமாற்றியவன் கதையைப் போன்ற ஓநாய்க் கதையும் பிள்ளைகளைக் கூடுதலாக உண்மை பேச வைக்கவில்லை. மரத்தை வெட்டிவிட்டுத் தகப்பனிடம் உண்மையைச் சொன்ன பையனை, தகப்பன் மெச்சும் கதை வைத்தது. பொய்க்குக் கிடைத்த தண்டனையை விட, உண்மை சொன்னால் ஏற்றுக்கொள்ளப்படுவோம் என்ற நம்பிக்கைதான் பிள்ளையின் வாயைத் திறந்தது.

நாங்கள் சொல்லும் கதைகளில் பாதிக்கு மேல் பொய் சொல்லிக் கெட்டவன் கதை. மற்றப் பக்கத்தையும் சொல்லுங்கள். முயலும் நரியும் சொல்கிறவர்கள் மனிதர் கதையையும் சொல்லுங்கள். ரொறொன்ரோவில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது பற்றிய கதையை வாசித்தபோது, மனிதப் பிள்ளைகள் வந்த கதையைக் கேட்டவர்கள்தான் பிறகு தங்களுடையதைக் கூடுதலாகப் பகிர்ந்தார்கள். உடுப்புப் போட்ட மிருகங்கள் வந்த கதையைக் கேட்டவர்கள் அப்படிப் பகிரவில்லை.

மனிதர் கதைக்கு எங்கள் பக்கத்தில் என்ன குறை? 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போன இரவு யார் யாருடைய வீட்டில் படுத்தார்கள் என்று அம்மம்மாவிடம் கேட்கச் சொல்லுங்கள். 2004 டிசம்பர் 26 கடல் வந்த அன்று பின்னேரம் யார் சோறு சமைத்து அனுப்பினார்கள் என்று மாமாவிடம் கேட்கச் சொல்லுங்கள். பெயர், இடம், என்ன கறி என்பதுவரை கேட்டுக்கொண்டு வரட்டும்.

வைகாசி வந்தால் எங்கள் ஊர்களில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு தொடங்கும், குளிர்த்தியோடு முடியும். பிள்ளைகள் அம்மன் கதையைப் பாட்டாகக் கேட்டு வளர்கிறார்கள். பென்சில் பெட்டி விசயம் நடந்த வருடம் சடங்கு முடிந்த திங்கட்கிழமை ஒரு பிள்ளை வகுப்பில் கேட்டாள்: "ராசா தெரியாமத்தானே டீச்சர் செய்தவர், அவருக்கு ஏன் அப்பிடி நடந்தது?" நான் பதில் சொல்லவில்லை, வகுப்பைப் பார்த்தேன். "தெரியாட்டிக் கேட்டிருக்கோணும்" என்றான் ஒருவன். "கையில சிலம்பு இருந்தா அவர்தான் களவெடுத்தவரா?" என்றாள் இன்னொருத்தி. "பொறுத்து, ரெண்டையும் வச்சுப் பாத்திருக்கலாம்." இருபது நிமிடம் போனது. நீதி விசாரணையில் என்னென்ன வேண்டும் என்று நான் ஒரு மாதம் படிப்பித்தாலும் அவ்வளவு வந்திருக்காது. பின்வரிசையில் இருந்த அந்தப் பென்சில் பெட்டிப் பையன் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பையில் கிடந்தது என்பதற்காக ஒரு கேள்வியும் கேட்காமல் தீர்ப்புச் சொன்னவள் நான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கதை சொல்லும்போது பிழை நடக்கப்போகும் இடத்தில் நிறுத்தி, "இப்ப என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன படித்தோம்?" என்று கேட்கவேண்டாம். பிள்ளைகள் உங்களுக்குப் பிடித்த பதிலைத் தந்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள்.

படி 5: பாடவேளைக்குள்

எங்கள் பாடத்திட்டத்தில் தரம் 1 இலிருந்து 11 வரை சமயம் கட்டாயம். தரம் 6 முதல் 9 வரை வாழ்க்கைத் தேர்ச்சியும் குடியுரிமைக் கல்வியும் என்ற பாடம் இருக்கிறது. ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலை, மறைக்கல்வி, முஸ்லிம் பிள்ளைகளுக்குக் குர்ஆன் மதரஸா. இடம் நிறைய உண்டு. ஆனால் இவை எல்லாம் மனப்பாடமும் புள்ளியுமாகப் போனால் என்ன மிஞ்சும் என்பதை என் வகுப்பிலேயே கண்டேன். அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரண்டு ஆய்வாளர்களும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பரீட்சை, விளையாட்டு, வீட்டுவேலை என்று பல இடங்களில் சோதித்து 1928 இல் எழுதினார்கள். ஒரு இடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னொரு இடத்தில் ஏமாற்றியது. நேர்மை பற்றிய அறிவும் நேர்மையான நடத்தையும் கைகோத்துப் போகவில்லை. எனவே ஒரு பாடவேளையில் மட்டும் பழக்கினால் அது அந்தப் பாடவேளையிலேயே நின்றுவிடும்.

செய்யக்கூடியது: சொல்வதெழுதலைத் தாங்களே திருத்தட்டும். பிழையை மறைக்காமல் சுற்றி வட்டம் போட்டவரின் கொப்பியை முதலில் பாருங்கள், புள்ளியை எல்லார் முன்னும் வாசிக்காதீர்கள். பிழைவிட்டவனைக் கைதட்டிச் சிரிக்கும் வகுப்பில் யாரும் உண்மையாகத் திருத்த மாட்டார்கள். வகுப்பு விதிகளை வருடத் தொடக்கத்தில் பிள்ளைகளோடு இருந்து எழுதுங்கள், ஐந்துக்கு மேல் வேண்டாம். மொனிட்டர் வேலை, தும்புத்தடி வேலை, சாப்பாடு பகிரும் வேலை எல்லாம் முறை வைத்து எல்லாருக்கும் வரட்டும், கெட்டிக்காரர்களுக்கு மட்டும் அல்ல.

உதவிக்கு டொபி கொடுப்பதை நிறுத்துங்கள். வார்னெகென், டொமசெல்லோ இருவரும் 20 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்து 2008 இல் வெளியிட்ட சோதனையில், உதவிக்குப் பரிசு பெற்ற குழந்தைகள் பிறகு குறைவாகவே உதவினார்கள். பரிசு பெறாதவர்கள் தொடர்ந்து உதவினார்கள்.

படி 6: விளையாட்டில் தலையிடாதீர்கள்

பியாஜே போளை விளையாடும் பையன்களுக்குப் பக்கத்தில் இருந்துதான் பிள்ளைகள் விதியை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்று படித்தார். கிளித்தட்டில் கை பட்டதா படவில்லையா என்று பிள்ளைகள் பத்து நிமிடம் சண்டைபிடிக்கிறார்களே, அந்தப் பத்து நிமிடம் வீணில்லை. யாரும் நடுவராக வராவிட்டால், விட்டுக்கொடுக்காதவனோடு ஆட்டம் ஓடாது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். கல்லெறியோ கெட்ட வார்த்தையோ, ஒருவனையே குறிவைத்துத் துரத்துவதோ வந்தால் மட்டும் எழும்பிப் போங்கள்.

கொம்புமுறி நடக்கும் ஊராக இருந்தால் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, கொம்பு முறியும் வரை இழுத்து, தோற்ற பக்கம் வசையும் வாங்கி, பிறகு ஒரே கோயில் வாசலில் சேர்ந்து நிற்பதைப் பார்க்கட்டும். கூத்துப் பழகும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கு முன்னால் ஆடி, பிழைத்தால் நின்று, பக்கத்து ஆளின் அடியைக் கேட்டுத் தன் அடியை வைக்கிறார்கள். துரியோதனனாக ஆடும் பையன் அந்த ஆளின் கோபத்தையும் உள்ளிருந்து பார்க்கிறான்.

படி 7: கடைக்கு அனுப்புங்கள்

8 வயதிலிருந்து சின்னச் சின்னச் சாமானுக்குத் தனியே அனுப்பலாம். போகும்போது "மிச்சக்காசை எண்ணி வாங்கு" என்று மட்டும் சொல்லாமல், "கூட வந்தாலும் சொல்லு" என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஒருமுறை என் மகன் 100 ரூபாய் கூடுதலாகக் கொண்டுவந்தான். காத்தான்குடி முஸ்லிம் ஒருவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், எங்கள் சந்தியில் வைத்திருந்த கடை அது. நான் திருப்பிக் கொடுக்கப் போகவில்லை, அவனையே அனுப்பி, வேலியடியில் நின்று பார்த்தேன். காக்கா காசை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, "உம்மாட்டச் சொல்லு, பின்னேரம் தயிர் வருது எண்டு" என்றார். அவ்வளவுதான், புகழ்ச்சியும் இல்லை, டொபியும் இல்லை. அடுத்த கிழமை அவன் கையில் காசில்லாமல் போனபோது காக்கா கொப்பியில் எழுதிக்கொண்டு சாமான் கொடுத்தார்.

இங்கே இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் தமிழ்ப் பிள்ளை தமிழ்ப் பாடசாலைக்கும் முஸ்லிம் பிள்ளை முஸ்லிம் பாடசாலைக்கும் போகிறது. அம்பாறைப் பக்கம் சிங்களப் பிள்ளை இன்னொன்றுக்கு. வகுப்பறைக்குள் 'எங்கட ஆக்கள்' மட்டும்தான். அப்படி வளர்ந்தால் நேர்மையும் இரக்கமும் எங்கட ஆக்களோடு முடிந்துவிடும். 1996 இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போர் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைச் சேர்த்து இருத்தி, மண்ணிலும் நிறத்திலும் கதையிலும் விளையாட விட்டார்கள். அந்த அளவுக்கு எங்களால் முடியாவிட்டாலும் கடையும் பஸ்ஸும் சந்தையும் மைதானமும் இருக்கின்றன. கல்முனைச் சந்தையில் உங்கள் பிள்ளைக்கு முன்னால் நீங்கள் எப்படி விலை பேசுகிறீர்கள், வீட்டுக்கு வந்து அந்த ஆளைப் பற்றி எப்படிக் கதைக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டாவதைத்தான் பிள்ளை கூர்ந்து கேட்கும்.

படி 8: எப்போது ஆள் தேடுவது

ஒரே பிள்ளை திரும்பத் திரும்ப எடுக்கிறது, பிராணிகளை வதைக்கிறது, திடீரென்று பேச்சை நிறுத்துகிறது என்றால் அதை ஒழுக்கக் குறை என்று முடிவுகட்டாதீர்கள். வீட்டில் பசி இருக்கலாம், அடி இருக்கலாம், சொல்ல முடியாத வேறு எதுவும் இருக்கலாம். பாடசாலை உளவளத்துணை ஆசிரியரிடமும், பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் பேசலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1929.

படி 9: பெரியவர் பிழைவிட்டால்

எங்கள் ஊர்களில் நுண்கடன் காசு வாங்க மோட்டார் சைக்கிளில் ஆள் வரும் நாள் பிள்ளைகளுக்குத் தெரியும். சத்தம் கேட்டதும் அம்மா அறைக்குள் போய், "அம்மா இல்லை எண்டு சொல்லு" என்பார். ஏழு வயதுப் பிள்ளை கடப்படிக்கு வந்து அதைச் சொல்லும். அந்தத் தாயின் நெருக்கடி எனக்குத் தெரியும், குற்றம் சொல்லும் மனம் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், அந்த வேலையைப் பிள்ளையிடம் கொடுக்கவேண்டாம். "அம்மா இப்ப வர மாட்டாவாம், வெள்ளிக்கிழமை வரட்டாம்" என்று சொல்லச் சொன்னால் அதுவும் உண்மைதான். பயமாக இருந்தால் பிள்ளையைப் பின்வளவுக்கு அனுப்பிவிட்டு நீங்களே பேசுங்கள்.

பிழைவிட்டுப் பிள்ளை கண்டுவிட்டால், சொல்லுங்கள். "நான் செய்தது பிழை மகன், இனி இப்படிச் செய்வேன்" என்று சொல்லிச் செய்து காட்டுங்கள். மரியாதை குறையும் என்று எனக்கும் பயம் இருந்தது.

அந்தத் தவணை முடிவதற்கு முதல், ஒரு நாள் காலை இடாப்புக் கூப்பிட்டு முடித்த பிறகு எழும்பி நின்று வகுப்புக்குச் சொன்னேன். பென்சில் பெட்டி விசயத்தில் எல்லாருடைய பையையும் கொட்டவைத்தது பிழை, ஒருவனை ஒன்றும் கேட்காமல் எல்லார் முன்னும் நிற்கவைத்தது அதைவிடப் பெரிய பிழை, இனி அப்படிச் செய்ய மாட்டேன் என்றேன். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடைவேளைக்கு எல்லாரும் போன பிறகு என் மேசையடிக்கு வந்து, "பச்சைக் கலர் எப்பிடி இருக்கும் எண்டு பாக்கத்தான் எடுத்தன் டீச்சர், வைக்க முதல் மணி அடிச்சிட்டு" என்றான். எடுத்தது பிழை என்று அவனுக்குத் தெரியும், அதை நான் திருப்பிச் சொல்லவில்லை. "பச்சை வேணுமெண்டா இனி என்ன செய்வ?" என்று கேட்டேன். "கேப்பன்" என்றான்.

வியாழக்கிழமை சித்திரப் பாடம். வெள்ளாமை வட்டை கீறச் சொல்லியிருந்தேன். அவன் எழும்பிப் போய் அந்தப் பிள்ளையிடம் பச்சை கேட்டான். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து பிடித்தாள். இரண்டு பச்சையில் கடும்பச்சையை எடுத்தான். கீறி முடிந்ததும் நுனியைச் சீவி, தூளை ஊதிவிட்டு, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான்.